ஆறுமணிக்குருவிக்கு ஒரு நோட்டீஸ்

பெறுநர்: நகரமைப்புப் பிரிவு, திருநெல்வேலி மாநகராட்சி.

பொருள்: வீட்டு ஜன்னல்கள் மீது பறவைகள் மோதுவது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

பெருமாள்புரத்திலும் கே.டி.சி. நகரிலும் எழும்பும் புது வீடுகளுக்கு, நின்று தலை சீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளக்கும் ஜன்னல்கள் வந்துவிட்டன. பறவைகளுக்குத்தான் இன்னும் நாகரிகம் வரவில்லை. நேரே வந்து மோதுகின்றன. முதல் எதிரி ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்து இரவுகளில் பறந்து, மழைக்காலத்தை ஒட்டி நம்மூர்த் தோட்டங்களில் இறங்குகிறது. அங்க அடையாளம்: பச்சை முதுகு, குட்டை வால், வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால், அலுவலக நேரத்தில் விசாரணைக்குக் கூப்பிடுவது சிரமம். சிறு வீடுகளின் வரைபட அனுமதிக்கு அரசு 2024இல் கொண்டுவந்த சுயசான்று முறையை நீட்டித்து, 'எனக்குக் கண்ணாடி தெரியும்' என்று ஒவ்வொரு பறவையிடமும் எழுதி வாங்கிவிடலாம். எழுதத் தெரியாதவற்றுக்கும் வழி உண்டு. புறா மோதிய கண்ணாடியில் விரித்த சிறகின் தடம் மாவு பூசினாற்போல் பதிந்து நிற்கும். அதையே கைநாட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இடைஞ்சல் என்னவென்றால், ஆதாரமெல்லாம் பறவையின் பக்கம் நிற்கிறது. கண்ணாடியில் வேப்பமரம் தெரிந்தால் பறவைக்கு அது வேப்பமரம்தான். எதிரெதிர் ஜன்னல்களின் ஊடே வானம் தெரிந்தால் அது வழிதான். கண்பார்வைக் கோளாறு என்று தள்ளவும் முடியாது. தாமிரபரணித் தண்ணீருக்குள் ஓடும் கெண்டையை மேலிருந்தே குறிபார்த்துப் பாயும் மீன்கொத்திக்கு எந்த மருத்துவர் அப்படிச் சான்று தருவார்? அமெரிக்காவில் ஆண்டுக்கு 36 கோடிக்கு மேல், 99 கோடிக்குள் பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. வானுயர் கட்டடங்களின் பங்கு அதில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. மூன்று மாடிக்கு மிகாத சாதாரண வீடுகளின் பங்கோ 44 விழுக்காடு. அது அமெரிக்கக் கணக்கு, நெல்லையில் செத்ததற்குப் பதிவேடு எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2011இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, குளத்தில் உயிரோடு நிற்பவற்றைத்தான் எண்ணுகிறது. ஜன்னலடியில் கிடப்பவற்றைப் பூனையும் காக்கையும் கீரியும் விடியுமுன் எண்ணி முடித்துவிடுகின்றன. அவை அறிக்கை தாக்கல் செய்வதில்லை.

செலவாகுமே என்பது அடுத்த ஆட்சேபம். கொசுவலையை உள்ளே அடிப்பதற்குப் பதில் வெளியே அடித்தால் பிம்பமும் மறையும், மோதினாலும் அடி குறையும். வலையின் விலை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. வலை பிடிக்காதவர்கள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைக்கலாம். புள்ளிக் கோலத்துக்கு வைப்பது போலத்தான், கோடு இழுக்கும் வேலை மட்டும் கிடையாது. பருந்துப் படம் ஒன்றை நடுவில் ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் அரங்கில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே இரவில் ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் மோதிச் செத்தன. மறு ஆண்டு கண்ணாடி முழுக்கப் புள்ளி வைத்ததும் சாவு சுமார் 95 விழுக்காடு குறைந்தது. எலிவேஷன் கெட்டுவிடும் என்பவர்களைக் கூந்தன்குளத்துக்கு அனுப்பலாம். பறவைகள் மிரளுமே என்று தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த ஊர் அது. அங்கே போய் எலிவேஷனைப் பற்றிப் பேசிப் பார்க்கட்டும்.

ஆகவே, வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும்போது, 'வெளிக் கண்ணாடிக்கு வலை அல்லது புள்ளி' என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டெண்டர் விட வழியில்லாத வேலை என்பதால் கோப்பு நகருமா என்ற கவலை மட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
வீட்டுவரி பாக்கியில்லாத ஒருவன்