அறியேன் என்றருளிய பெருமான்

மின்சார குலதிலகர், கணக்கு சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி, மேசைமேல் வீற்றிருந்து அருளாட்சி புரியும் கணிப்பொறி மகாராஜா அவர்களின் கீர்த்தியை உலகம் இன்னும் முழுதாகப் பாடவில்லை. வேகத்தைப் பாடினார்கள். நினைவாற்றலைப் பாடினார்கள். அவருடைய மகோன்னதமான மறதியைப் பாட ஒரு புலவரும் முன்வரவில்லை.

நேற்று இரவு 10 மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். கட்டியம் கூறுவதுபோல் நிறுவனத்தின் இலச்சினை ஒருமுறை ஒளிர்ந்தது. பிறகு கருந்திரையில் வெள்ளெழுத்தாகத் திருவாய் மலர்ந்தார்: பூட் செய்ய உரிய சாதனம் எதுவும் இல்லை, பூட் டிஸ்க்கைச் செருகி ஏதேனும் ஒரு விசையைத் தட்டுக. எட்டு ஆண்டுகளாகத் தம் திருவயிற்றிலேயே குடியிருக்கும் ஹார்டு டிஸ்க்கை, அன்று மாலைவரை எழுதியும் படித்தும் பழகிய டிஸ்க்கை, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஒரே வரியில் துறந்துவிட்டார். சகுந்தலையை மறப்பதற்குத் துஷ்யந்தனுக்கு ஒரு முனிவரின் சாபம் தேவைப்பட்டது; மோதிரத்தைக் கண்டதும் நினைவும் வந்துவிட்டது. நம் மகாராஜாவின் வைராக்கியம் சாபத்தால் வந்ததுமன்று, மோதிரத்தால் கலைவதுமன்று.

இத்தகைய பெருமானுக்கு விடிய விடியப் பணிவிடை செய்யும் பேறு கிட்டியது. திருகுகளைக் கழற்றி, மேல்மூடியை நீக்கி, தூசி துடைத்து, டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். அந்தக் கேபிளின் பெருந்தன்மையைச் சொல்லாமல் விடலாகாது. ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் கடந்துபோகும் முனைக்குக் கொக்கி வைத்து அதன் சுதந்திரத்தைப் பறிக்க, முதன்முதலில் அதை வடித்த மேதைகளுக்கு மனம் வரவில்லை. பிறகு வேறு கேபிள், வேறு போர்ட், வேறு மின்செருகி. பயாஸ் என்னும் அந்தப்புரத்துக்குள் நுழைந்து பட்டியலைப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை. பழுது கேபிளிலா, மின்சாரத்திலா, டிஸ்க்கிலா, மதர்போர்டிலா? காரணம் சொல்லிக் குடிகளைக் கெடுக்கும் வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

அந்த வம்சத்தின் மற்றக் கொடைகளையும் எண்ணி வியக்கிறேன். சில மதர்போர்டுகளில் எம்.2 ஆசனத்தில் புதியவர் ஒருவர் அமர்ந்தால், சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு ஓசையில்லாமல் பதவி இழக்கும். அந்த அரசாணை கையேட்டின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் பத்திரமாக இருக்கும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் வந்த மடிக்கணினிகள் பலவற்றில், விஎம்டி என்ற திரைக்குப் பின்னால் டிஸ்க் கோஷா அனுசரிக்கும். விண்டோஸை நிறுவப் போனால், டிரைவ் ஒன்றும் காணோம், டிரைவர் கொண்டுவா என்று உத்தரவாகும். அந்த டிரைவரை இன்னொரு கணிப்பொறியில் இறக்கி, பென் டிரைவில் ஏந்தி வர வேண்டும். ஒரு கணிப்பொறி வாங்கியவன் இரண்டு கணிப்பொறி உள்ளவனாக உயர வேண்டும் என்ற தாயுள்ளம் வேறு எந்த வணிகத்தில் உண்டு?

ஆயினும் எல்லோரையும் விஞ்சிய சாதனை ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் 2019 நவம்பரில் அறிவித்ததுதான். சர்வர்களுக்காக அவர்கள் விற்ற சில எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் பிழையால், மிகச் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் மூச்சை நிறுத்திக்கொள்ளும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். இரண்டின் 15-ஆம் அடுக்கான அந்தப் புனித எண்ணை எட்டியபின் டிரைவும் மீளாது, தரவும் மீளாது. ஒன்று போனால் மற்றொன்று காக்கட்டும் என்று ஒரே நாளில் பூட்டிய டிரைவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே முகூர்த்தத்தில் போகும். பிறந்தபோதே மரண நாழிகையைக் குறித்துவைக்கும் இந்தத் துல்லியத்தை எந்த ஜோதிடரிடம் காண்பது!

விடியற்காலை ஐந்தரை மணிக்கு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி பெட்டியில் இட்டு, மனைவியின் மடிக்கணினியில் செருகினேன். அந்த மடிக்கணினி இளவரசருக்கு டிஸ்க் தென்பட்டது. ஸ்மார்ட் என்று ஒரு குறிப்பேடு டிஸ்க்குக்குள்ளேயே உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, கெட்டுப்போன செக்டர்கள் எத்தனை, அவற்றுக்கு மாற்றாகக் கைவசம் இருந்த செக்டர்களில் எத்தனை செலவாயிற்று என்று டிஸ்க் தன் நோயைத் தானே எழுதிக்கொண்டே வரும். திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் செக்டர்கள் கெட்டிருந்தன. மாதக்கணக்கில் நடந்த சேதம். அந்த மாதங்களில் எல்லாம் மகாராஜா அச்சுப்பொறியில் மை குறைகிறது என்று மூன்று முறையும், புதிய பதிப்பு வந்துவிட்டது என்று தினந்தோறும் எனக்குத் தாக்கீது அனுப்பியிருக்கிறார். டிஸ்க் சாகிறது என்பதை மட்டும் ராஜரகசியமாகக் காத்தார். குடிமகன் கலங்குவானே என்ற கருணையன்றி இது வேறென்ன? கலங்கியிருந்தால் நான் ஒரு நகல் எடுத்து வைத்திருப்பேன்.

அந்த டிஸ்க்கில் அப்பா மறைவதற்கு முந்தைய பொங்கலன்று எடுத்த படங்கள் இருக்கின்றன. பேத்திக்கு அவர் கதை சொல்லும் குரல் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. தரவு மீட்புக் கடைக்காரர், டிஸ்க்கைத் திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, பார்க்கவே கட்டணம் உண்டு என்றார். மகாராஜாவின் பரிவாரத்தில் அவரும் ஒருவர்; பரிவாரம் வாழ்க.

இளவரசரின் திரையில் இந்நேரம் ஒரு சிறு பெட்டி எழுந்தருளியிருக்கிறது. தந்தையார் இல்லை என்று சொன்னதை இவர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே ஆலோசனையும் வழங்குகிறார்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? அப்பாவின் குரலை முற்றிலும் துடைத்தபின் டிஸ்க் அப்பழுக்கின்றி விளங்கும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. பொத்தானின் மேல் அம்புக்குறியையும் தாமே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என் ஒரு தட்டலுக்காக எவ்வளவு அடக்கத்தோடு காத்திருக்கிறார்.