மைலேஜ்காரர்

கொடைக்கானல் அட்டுவம்பட்டிக்கு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தால் ஒரு பெருமை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டால் இன்னொரு பெருமை. இரண்டிலும் பங்கு கேட்காதவர் மைலேஜ்காரர். அவருக்குச் சொந்தமாக ஒரு ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது.

"என்ன சார், சாப்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். "நாப்பத்தொண்ணு" என்பார்.

மலையில் லிட்டருக்கு நாற்பத்தொன்று கிடைக்குமா? கிடைக்கும், அளக்கத் தெரிந்தால். கொடைக்கானலில் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, 7,000 அடி உயரத்திலிருந்து வத்தலக்குண்டுவரை இறங்குவார். அங்கே வண்டியை ஓரங்கட்டி, திரையிலுள்ள எண்ணைப் படமெடுத்துச் சொந்தபந்தம் அத்தனைக்கும் அனுப்புவார். திரும்பி ஏறும் கணக்கைக் கேட்டால், "அது மலையோட கணக்கு. வண்டியோட கணக்கு இல்ல" என்பார்.

ஏறும்போது ஏசி கிடையாது. சில்வர் காஸ்கேட் அருவியில் யாருக்காவது தண்ணீர் பிடிக்க ஆசை வந்தால், "ஒரு கேன் இருபது கிலோ" என்று எடை சொல்வார். இத்தனை சிக்கனமும் முன்னால் ஒரு அரசுப் பேருந்து வரும்வரைதான். அதை முந்த ஆக்ஸிலேட்டரை ஒரே மிதி மிதிப்பார். கியர் தானாகக் கீழே இறங்கும், எஞ்சின் அலறும், ஏசியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு மிதியில் போய்விடும்.

இறங்கும்போது அவருடைய பிரம்மாஸ்திரம் நியூட்ரல். கார்புரேட்டர் காலத்து அம்பாசிடரில் கற்ற வித்தை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து டம் டம் பாறைக்கு வருவதற்குள் சக்கரத்தில் கருகல் வாடை வந்துவிடும். நிறுத்துவார். "எறங்கிக் காட்சியப் பாருங்க" என்பார். பனிமூட்டத்தில் பக்கத்து மரம்கூடத் தெரியாது. எல்லோரும் இறங்கிப் பார்ப்பார்கள்.

பிரேக் பேடு மூன்றாம் முறை தேய்ந்ததும் மூஞ்சிக்கல் மெக்கானிக் பையன் பொறுமை இழந்தான்.

"சார், நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணைஞ்சிடாம இருக்கவே பெட்ரோல் குடிக்கும். கியர்ல விட்டுட்டு ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுங்க. இன்ஜெக்டர் பெட்ரோலை நிப்பாட்டிரும், சக்கரமே எஞ்சினைச் சுத்த வைக்கும். இறக்கம் ஜாஸ்தின்னா 'டி'யிலயும் விடாதீங்க, 'எல்'லுக்கோ மேனுவலுக்கோ மாத்துங்க. எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கும், பிரேக்கும் சூடாகாது."

மைலேஜ்காரர் கண்ணை மூடி யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப நியூட்ரல்ல போட்டது தப்பு இல்ல தம்பி, எஞ்சின் ஓடுனதுதான் தப்பு. அதையும் அணைச்சிட்டு எறங்குனா?"

"பவர் ஸ்டீயரிங் கல்லாயிரும் சார். நாலு மிதியில பிரேக்கும் கல்லாயிரும்."

"மைலேஜ் எவ்வளவு வரும்?"

பையன் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வீட்ல அக்காவ வரச் சொல்லுங்க சார், அவங்க கையில குடுக்கிறேன்" என்றான்.