சராசரிக் கணக்கில் மொய் முறை: ஓர் ஆய்வு

24 மாணவர்களின் சராசரி வயது 14. ஆசிரியரையும் சேர்த்தால் சராசரி ஒன்று கூடுகிறது. ஆசிரியரின் வயது என்ன? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எவரும் தப்ப முடியாத இந்த வினாவைக் கணிதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது பந்தியைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு. புதிதாக வருபவர் முதலில் தம் இலைக்கு உரியதைக் கொண்டுவர வேண்டும். அது புதிய சராசரி, 15. பிறகு முன்பே உட்கார்ந்திருக்கும் 24 பேருக்கும் தலைக்கு ஓர் ஆண்டு மொய் வைக்க வேண்டும். ஆக 39. ஒருவர் எழுந்து இன்னொருவர் உட்காரும் கணக்கிலும் இதே வழக்கம்தான். எட்டுப் பேரில் 65 கிலோக்காரருக்குப் பதிலாக ஒருவர் வந்து சராசரி எடை இரண்டரை கிலோ ஏறினால், வந்தவர் அந்த 65ஐ ஈடுகட்டி, தம்மையும் சேர்த்து எட்டுத் தலைக்கு 20 கிலோ வைத்திருக்கிறார், எடை 85. எழுந்துபோனவர் சாப்பிட்டாரா என்று எந்த வினாத்தாளும் விசாரித்ததில்லை.

மொத்தத்தைக் கண்டு கழித்தால் போதாதா என்பார்கள். 375இல் 336 போனால் அதே 39, மறுப்பதற்கில்லை. ஆனால் குரூப் 4 தேர்வில் 200 வினாவுக்கு 3 மணி நேரம், வினாவுக்கு 54 விநாடி. மொய் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டிருக்க முடியாது. தலை எண்ணுவதில் தடுமாற்றம் வருமே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வரத்தான் செய்யும்: 38 என்று எழுதியவர் தம் தலையை மறந்தவர், 40 என்று எழுதியவர் அதை இரண்டு தரம் எண்ணியவர். பழைய சராசரியில் தொடங்கினால் 25 தலை, புதியதில் தொடங்கினால் 24 என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வயதை எப்படி மொய்யாக வைப்பது என்று கேட்பவருக்கு: எந்த மாணவனுக்கும் ஒரு நாள்கூட வயது ஏறவில்லை, எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வதுதான்.

வெறுங்கையோடு வந்தால்? 1948இல் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸுக்கு இறங்கியபோது 69 முறை ஆட்டமிழந்து 6996 ஓட்டம் வைத்திருந்தார்; சராசரி 101.39. எரிக் ஹோலிஸ் வீசியதில் இரண்டாவது பந்திலேயே ஸ்டம்ப் சாய்ந்தது. எழுபதாவதாக வந்த பூஜ்யத்துக்கு இலை போட, பழைய 69உம் தலைக்குச் சுமார் 1.45 ஓட்டம் இழந்தன, சராசரி 99.94 ஆயிற்று. சரியாக 100இல் நிற்க மொய் பாக்கி 4.