டோடோவின் பாடத்தைக் கற்றுணர்ந்த அதிகாரி அவர்களுக்கு

மொரீஷியஸ் தீவின் தலைநகராம் போர்ட் லூயியில் பழஞ்சின்னமொன்றின் கதவைப் பூட்டிவைக்கும் பெரும்பணியை ஏற்றிருக்கும் கனம் அதிகாரி அவர்களின் சமூகத்துக்கு, அக்கதவுக்கு வெளியே நின்ற மூவர் சார்பில் அடியேன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, நான்கு மணிவரை திறந்திருக்கும் என்று பலகை சொன்ன தங்கள் வாயிலில் (எந்த வாயில் என்று சொல்லி மற்ற வாயில்களைப் பொறாமைப்பட வைக்க எனக்கு விருப்பமில்லை) என் மனைவியும், எழுபத்தெட்டு வயதான என் அத்தையும், நானும் வந்து நின்றோம். உள்ளிருந்த காவலர் தலை நிமிராமலே "ஃபெர்மே", அதாவது மூடியாயிற்று, என்றார். பலகையைக் காட்டினேன், அது பழைய பலகை என்றார். பழஞ்சின்னத்தின் பலகையும் பழையதாயிருப்பதன் பொருத்தத்தை வியந்தபடி நாங்கள் வெயிலில் நிற்கையில், ஒரு கறுப்பு மோட்டார் வண்டி வந்தது; ஃபெர்மே ஆகியிருந்த அதே கதவு, கீல்கூட முனகாமல் திறந்து, வண்டியை உள்வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஃபெர்மே ஆயிற்று.

அன்றிரவு விடுதியில் உறக்கம் வராமல் புரண்டபோதுதான் தங்கள் ஞானத்தின் ஊற்றுக்கண் எனக்குப் புலப்பட்டது. 1598-இல் ஒல்லாந்தர் இத்தீவில் கால்வைத்தபோது, இன்னார் என்று விசாரியாமலும், அனுமதிச் சீட்டுக் கேளாமலும், பறந்து தப்பவும் இயலாமலும் அவர்கள் எதிரே வந்து நின்ற டோடோ என்னும் பேதைப் பறவை, வந்தவர்களின் தடியாலும், கப்பலேறி வந்த எலி, பன்றி, குரங்குகளாலும் நூறாண்டு நிறையுமுன்னே பூண்டற்றுப்போய், இன்று அருங்காட்சியகத்தில் எலும்பாகவும் நாட்டின் இலச்சினையில் சித்திரமாகவும் மட்டுமே ஜீவித்திருக்கிறது. வந்தவரை வரவேற்ற டோடோ அழிந்தது. வந்தவரைத் துரத்தும் தாங்கள் சிரஞ்சீவி.

இந்தத் தத்துவத்தை அறியாதவர்கள் இந்நகரிலேயே பலர் இருந்திருக்கிறார்கள். 1735-இல் கவர்னராக வந்து இத்துறைமுகத்தை உருவாக்கி, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞரைத் தருவித்து, இப்போது கடலைப் பார்த்துச் சிலையாய் நிற்கும் லா பூர்தொனேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1746-இல் அவர் கப்பற்படையோடு சென்று முற்றுகையிட்டபோது எங்கள் சென்னைக் கோட்டை சில நாட்களுக்குள் திறந்துகொடுத்துவிட்டது. பீரங்கிக்குத் திறந்த எங்கள் கோட்டையும் டோடோ ஜாதிதான். அங்கே தங்கள் காவலர் ஒருவர் இருந்திருப்பாராகில் சரித்திரம் வேறாயிருக்கும். குன்றின்மேல் கருங்கல்லில் நிற்கும் அடிலெய்டு கோட்டையையோ, அடிமைமுறை ஒழிவதைப் பொறாத பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் கலகம் செய்யக்கூடும் என்று அஞ்சி 1834-இல் தொடங்கி 1840-இல் கட்டிமுடித்தது ஆங்கில சர்க்கார், கலகம் வரவேயில்லை. அன்று வராத அந்தப் பகைவர்கள் சென்ற வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தார்கள் என்று தங்கள் காவலர் கருதியிருப்பாராகில், குடையும் புளிச்சோற்றுத் தூக்குமாக நின்ற என் அத்தையை அவர் நோக்கிய நோக்கு எனக்கு விளங்குகிறது.

இந்நகர் அருங்காட்சியகத்துத் தபால்தலைகளைப் பாருங்கள். 1847-இல் அச்சான இரண்டு துண்டுக் காகிதங்கள், வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடுமென்று மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் விளக்கேற்றித் தரிசனம் தந்து, மற்ற வேளைகளில் பிரதிகளை முன்னிறுத்திவிட்டு ஓய்வெடுக்கின்றன. காகிதத்துக்கு இவ்வளவு தாட்சிண்யம். கருங்கல்லுக்கோ பத்து நிமிஷமும் இல்லை!

அத்தையின் பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் கப்பலேறியவர். ஊருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. 1834 முதல் 1920 வரை இத்தீவுக்கு வந்திறங்கிய ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகளுள் அவர் ஒருவர். முந்தின நாள், அக்கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட் என்னும் துறையின் பதினாறு படிகளைத் தடையின்றிக் கண்டு, ஒவ்வொரு படியாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அத்தை, அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடிய கட்டடம் இந்நகரில் எதுவாயினும் தானும் பார்த்துவிட்டே போவது என்று பிடிவாதமாய் இருந்தாள். தங்கள் கட்டடமும் அப்போதே நின்றது.

ஐயா, அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. நாற்காலி கேட்டேன். இல்லையென்று கைவிரித்தவர் உட்கார்ந்திருந்ததே நாற்காலியில்தான். கரும்புக்காட்டில் முதுகொடிந்தவர்கள் ஈட்டிக்கொடுத்த காசில் எழுந்த ஊர் இது. வண்டியில் வருகிறவனுக்குக் கதவைத் திறந்து, நடந்து வருகிறவளைத் தெருவில் நிறுத்த நீங்கள் யார்? உங்கள் பாட்டன் வீட்டுச் சொத்தா அது?

க்ஷமிக்கவேண்டும். வெயிலின் குற்றம். நாவை அடக்கத் தெரியாதவனும் டோடோ ஜாதிதான் என்பதைத் தங்கள் கிருபையால் உணர்ந்து, பழைய பணிவுக்கே திரும்பிவிட்டேன்.

ஒரு சிறு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். நாங்கள் புறப்படும் சமயம் காவலர் எங்களைக் கைதட்டி அழைத்தார். மனமிரங்கிவிட்டார் என்றெண்ணி ஓடினோம். அன்றைய பார்வையாளர் தொகை குறைவாயிருக்கிறதென்று கம்பி இடுக்கின் வழியே பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மூவரும் போட்டோம். ஆகவே தங்கள் கணக்கின்படி நாங்கள் உள்ளே வந்து, கண்டு, களித்துச் சென்றவர்கள். அதில் மூன்றாவது வரியில் தமிழில் இருப்பது அத்தையின் பெயரன்று. அந்தச் சின்னப் பாட்டனார் பெயர். ஏடு நிறைந்ததும் தூக்கிப்போடுவது வழக்கமானால், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து எங்களுக்கு அனுப்பிவைக்கக் கோருகிறேன். தபால் செலவு எங்களுடையது.