அறுபத்தாறுக்காரர்

புனேயில் ஒருவரை எடைபோட, எந்தப் பேட், அதாவது எந்தப் பேட்டை, என்று கேட்டால் போதும். சதாஷிவ் பேட் என்றால் ஒரு குணம், ராஸ்தா பேட் என்றால் வேறு குணம். ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் பேட் எல்லாம் இல்லை, வருஷம்தான். இவர் அறுபத்தாறுக்காரர், அவர் அறுபத்தேழுக்காரர். யாரோடும் ஒட்டாமல் மூலையில் பன் மஸ்காவை டீயில் தோய்த்துக்கொண்டிருப்பவர் அறுபத்தொன்பதுக்காரர். ஞாயிறு காலை ஜூனா பஜாரில் பழைய ரெக்கார்டு தேடிவிட்டு, டெக்கனில் கஃபே குட்லக்கில் கூடுவார்கள். அறுபதுகளின் ராக் இசைக்கு எது பொன்னான வருஷம், எது உருப்படாத வருஷம் என்று விசாரணை நடக்கும். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு என்ன செய்வது என்ற பயம் மூவருக்கும் உண்டு.

நம்மவர் அறுபத்தாறுக்காரர். ராஸ்தா பேட் தமிழர், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். ஜூனா பஜாரில் அவர் ரெக்கார்டு பார்க்கும் அழகே தனி. அட்டைப் படத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டை நிறுத்தி, வெயிலில் சாய்த்துக் கீறல் தேடுவார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எண்ணைப் படிப்பார். கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்த பீட்டில்ஸின் 78 சுற்று அரக்குத்தட்டு கிடைக்காதா என்பது அவருடைய வாழ்நாள் ஏக்கம். மேல்நாட்டில் அந்த வகையே வழக்கொழிந்த பிறகும், இங்கே சாவி கொடுக்கும் கிராமஃபோன் வைத்திருந்தவர்களுக்காக அடித்தார்கள். இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். பிடித்த தட்டு கையில் சிக்கிவிட்டால் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை வந்துவிடும். பேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் அலமாரிக்கு மேல் அசல் புனே பாணியில் ஒரு பலகை: ‘ரெக்கார்டு இரவல் தரப்படமாட்டாது. கேட்டு அவமானப்பட வேண்டாம். இப்படிக்கு, வீட்டுக்காரர்.’ அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில்: ‘தட்டு துடைக்க என் புடவையை எடுக்கக் கூடாது. இப்படிக்கு, வீட்டுக்காரி.’

அவருடைய வாதம் மூன்று மாசத்துக்குள் அடங்கும். 1966 மே நடுவில் பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’, ஜூனில் டிலனின் ‘ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்’, ஆகஸ்ட் முதல் வாரத்தில் ‘ரிவால்வர்’. “இதுக்கு மேல என்னய்யா வேணும்?” என்று டபராவை வைப்பதுபோல் கோப்பையை வைப்பார். கேம்ப் பகுதிப் பார்சியான அறுபத்தேழுக்காரர் ‘சார்ஜெண்ட் பெப்பர்’, டோர்ஸ், மான்டெரே விழாவில் ஹெண்ட்ரிக்ஸ் கிடாருக்குத் தீ வைத்தது என்று அடுக்குவார். “அது பாட்டு இல்லை, ஊதுபத்தி” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார் நம்மவர். அதே மான்டெரேயில் சிதார் வாசித்த ரவிசங்கர் கிடார் எரிந்ததைக் கண்டு பதறிப்போனார் என்பது துணைச் சாட்சியம். அறுபத்தொன்பதுக்காரர் வாயைத் திறப்பதே அபூர்வம். “ஆகஸ்ட் பதினஞ்சு, உட்ஸ்டாக்” என்று அவர் ஆரம்பித்தால், “டிசம்பர் ஆறு, ஆல்டமான்ட்” என்று மற்ற இருவரும் சேர்ந்து வாயை அடைப்பார்கள். ஆகஸ்டில் மணமேடை, டிசம்பரில் பாடை. அந்த வருஷத்தை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

இவ்வளவும் பேசுகிறவர் 1966-ல் அரை டிராயர் பையன். ‘ரிவால்வர்’ அவர் காதில் விழுந்தது எழுபதுகளில், ஹாஸ்டல் சீனியர் ஒருவரின் டேப்பில். அது பிறந்த வருஷத்தில் அவர் கேட்டது இலங்கை வானொலியும் ‘அன்பே வா’வும்தான். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை, 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’யில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி போட்ட ஆட்டமெல்லாம் கணக்கில் வராதா என்று கேட்டேன். இன்றும் கேட்பேன், அது நியாயமான கேள்வி. “அது பாட்டு, இது ராக்” என்றார். அன்று என் டீக்கு நானே காசு கொடுத்தேன்.

மோசமான வருஷம் எது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே குரல். 1961. பட்டி ஹாலி 1959-லேயே விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். லிட்டில் ரிச்சர்டு சுவிசேஷப் பாட்டுக்குப் போய்விட்டார். சக் பெர்ரி கோர்ட்டு வாசலில். பட்டாளத்திலிருந்து திரும்பிய எல்விஸ், ஹவாயில் கழுத்தில் பூமாலையோடு சினிமாவில்.

போன மாதம் ஒரு ஞாயிறு, இதைச் சொல்லி நம்மவர் மேஜையைத் தட்டினார்: “அறுபத்தொண்ணு மாதிரி ஒரு நாசம் கிடையாது!” பக்கத்து மேஜையில் காந்தி குல்லாய் போட்ட ஒரு கிழவர் பேப்பரை மடித்தார். “வாஸ்தவம்” என்றார். “லக்டி புல்லுக்கு மேலே தண்ணீர். எங்கள் வீட்டில் ஒரு சுவர் மிஞ்சவில்லை.” அவர் சொன்னது ஜூலை 12. பான்ஷெத் அணை உடைந்து, அடுத்து கடக்வாஸ்லாவும் உடைந்து, ஆற்றங்கரைப் பேட்கள் மூழ்கிய நாள். புனேயில் அந்த வருஷத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. அதற்குப் பிறகு எல்விஸின் பூமாலையைப் பற்றி யார் பேசுவது? மூவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் அறுபத்தாறுக்காரரால் ஒரு வருஷத்தை முழுசாக விட்டுக்கொடுக்க முடியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இருந்தாலும் ஆஜோபா, அந்த நவம்பர்லதான் எப்ஸ்டீன் கேவர்ன் கிளப்புக்குப் போய் பீட்டில்ஸைப் பார்த்தார்” என்றார்.

கிழவர் கொஞ்சம் யோசித்தார்.

“யார் அது, நீர்ப்பாசன இலாகாவா?”