கோர்வை இரண்டான காதை: ஓர் ஆய்வு

ஒரே அடைவில் ஒரே பெயரோடு இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்பது கணினியியலின் பாலபாடம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மடிக்கணினியில் 'கோர்வை' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. பாலபாடம் பொய்யா, மடிக்கணினி பொய்யா, கோர்வை என்பதே இரண்டா என்று ஆராயப் புகுந்தது இக்கட்டுரை. உலகுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஆய்வுகளுக்கு அது தடையாக இருந்ததாக வரலாறு கிடையாது.

முதலில் களம். அப்பா தறியில். மகள் கையில் அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. இவள் லினக்ஸைத் திறந்து பார்த்தவள். லினக்ஸ் பயனர் குழு இயங்கும் ஊர்க்காரி அல்லவா. சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் அத்தை மகனிடம் மாக். சேலை வாங்கும் காந்தி சாலைக் கடையில் விண்டோஸ். டிசைன் படங்களையும், சேலைக்குச் சீட்டு அச்சிடும் சின்னப் பைத்தான் நிரலையும் மூவரும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

கோர்வை தெரியாத வாசகர்க்கு ஒரு சொல்: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் ஊடையிலேயே பிணைத்து நெய்வது கோர்வை. இருபுறமும் கரை என்றால் மூன்று நாடா. கரை நாடாவை எறிய பக்கத்தில் இன்னோர் ஆள். சேலையில் அது பிரியாது. பிரிந்தது கணினியில்தான்.

இரண்டு பெயரையும் எழுத்தெண்ணிப் பார்த்தோம். கோ, ர், வை. இரண்டிலும் மூன்றே எழுத்து. தறியிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா, ஒண்ண அழிச்சுடு" என்றார். எதை அழிப்பது? ஒன்றில் போன வாரம் திருத்திய கரை. மற்றொன்றில் நேற்றுத் திருத்திய உடல்.

யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் 'ோ' என்ற ஒற்றைக் குறி ஒரு விதம். 'ே', 'ா' என்று இரண்டு குறிகளாக உடைத்து வைப்பது மற்றொரு விதம். இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. விதியை எழுதியவர் வேறு, நடத்துபவர் வேறு. யூ.டி.எஃப்-8 குறிமுறையில் 'கோர்வை' முதல் விதத்தில் 18 பைட், இரண்டாம் விதத்தில் 21 பைட். லினக்ஸுக்குக் கோப்பின் பெயர் என்பது பைட் வரிசை, அவ்வளவுதான். 18-ம் 21-ம் அதற்கு வேறு வேறு ஆட்கள். விண்டோஸும் உடைத்ததையும் உடைக்காததையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆப்பிள் 1998-இல் கொண்டுவந்த எச்.எஃப்.எஸ் பிளஸ், வருகிற பெயரையெல்லாம் தானே உடைத்து வைத்துக்கொள்ளும். 18 கொடுத்தால் 21-ஆகத் திருப்பித் தரும். 2017-இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்கிறது; ஆனால் இருவரும் ஒருவரே என்று சாதிக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் இரண்டாக இருப்பது சோழிங்கநல்லூருக்குப் போனால் ஒன்றின் மேல் மற்றொன்று ஏறி, முந்தையது காணாமல் போகும்.

அத்தை மகன் கிட் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருள் வழியாக அனுப்பியிருந்தால் தப்பியிருக்கலாம். உடைந்த பெயர்களை மாக்கிலேயே ஒட்டி அனுப்பும் ஏற்பாடு 2012-இல் கிட்டுக்குள் வந்துவிட்டது. அவன் ஜிப் செய்து வாட்ஸாப்பில் அனுப்பினான். உறவுக்காரர்கள் அப்படித்தான் அனுப்புவார்கள்.

இனி இக்கட்டுரையின் தேற்றம். ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் 54. தனி ஔ ஒன்று. தமிழின் 247 எழுத்துகளில் இந்த 55 இரட்டைப் பிறவிகள், மீதி 192-க்கு இந்தக் கண்டம் இல்லை (கிரந்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை). இதிலிருந்து காஞ்சிப் பட்டின் உருக்களையே இரண்டு சாதியாகப் பிரிக்க முடிகிறது. மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம் ஆகியவை எந்தக் கணினியிலும் ஓருருவே. கோபுரம், கொடி, மல்லிமொக்கு ஆகியவை ஈருரு. எனவே மாக் வைத்திருக்கும் உறவினர் உள்ள நெசவாளர்கள் மயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் மூவர் பெயரிலும் குற்றமில்லை. அவர்கள் குடியிருக்கும் கோயிலில்தான் குற்றம்.

அடுத்த சிக்கல் கடையில் எழுந்தது. ஆய்வாளர்க்கு இதுவே பெருவிருந்து. சீட்டு அச்சிடும் நிரல் 'பில்லோ' என்ற திறமூல நூலகத்தைக் கொண்டு சேலையின் பெயரைப் படமாக வரைகிறது. லினக்ஸில் கோர்வை கோர்வையாக வந்தது. விண்டோஸில் கொம்பு க-வைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. கடைக்காரர் எழுத்துரு சரியில்லை என்றார். எழுத்துரு நிரபராதி. தமிழை முறையாக அடுக்க பில்லோவுக்கு 'ரக்ம்' என்ற துணை நூலகம் வேண்டும். பில்லோவின் 8.2 பதிப்பிலிருந்து அது பொதிக்குள்ளேயே வருகிறது. ரக்முக்கோ 'ஃப்ரிபிடி' வேண்டும். அது அரபு, எபிரேயம் போன்று வலமிருந்து இடம் போகும் எழுத்துகளுக்கானது. தமிழுக்கும் அதற்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆனால் அது இல்லாமல் ரக்ம் எழுந்திருக்காது. லினக்ஸ் மேசைக் கணினிகளில் ஃப்ரிபிடி பெரும்பாலும் முன்பே குடியிருக்கும்; விண்டோஸில் அதன் டி.எல்.எல் கோப்பை நாமே தேடிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பில்லோ குறை சொல்லாது. தனக்குத் தெரிந்த எளிய முறையில் கொம்பை எங்கோ வைத்து வரைந்துவிட்டுப் போய்விடும். ஆக, அரபு எழுத்துக்கான துணை இல்லாத குறையால் காந்தி சாலையில் தமிழ்க் கொம்பு இடம் பெயர்ந்தது.

இந்த விவகாரத்தின் வேர் காஞ்சியிலேயே இருக்கிறது. 1268-இல் இவ்வூர்த் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரை ஆசாரியராகக் கொண்ட வடகலையார்க்கு அடியவன் குரங்குக்குட்டி. தாயை அவன்தான் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார்க்குப் பூனைக்குட்டி, தாயே கவ்விக்கொண்டு போகும். மென்பொருள் உலகம் இதையே வேறு பெயர்களில் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறது. கணினியில் உள்ள பொது நூலகத்தை ஓடும்போது நிரல் பற்றிக்கொள்வது குரங்கு நெறி: கை நழுவினால், அல்லது தாயின் பதிப்பு எண் மாறினால், குட்டி கீழே. வேண்டியதையெல்லாம் பொதிக்குள் கவ்விக்கொண்டு வருவது பூனை நெறி: 2016-இல் பைத்தான்காரர்கள் வகுத்த 'மெனிலினக்ஸ்' பொதிகள் இந்த வகை. டாக்கர் குட்டியோடு வீட்டையும் கவ்விக்கொண்டு வருகிறது. பூனை நெறியில் குறையும் உண்டு. கவ்விவந்த நூலகத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் ஒவ்வொரு வாயாகத் திறந்து மாற்ற வேண்டும். நம் பில்லோவில் ரக்ம் வருவது பூனை நெறியில், ஃப்ரிபிடி வருவது குரங்கு நெறியில். ஒரே பொதியில் இரு கலையும் சமாதானமாக இருக்கின்றன. கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று வழக்காடிய கதையை இன்றும் சொல்லும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

கடைக் கணினி இன்னொரு சேவையும் செய்தது. மகள் யூ.டி.எஃப்-8-இல் அனுப்பிய பட்டியலை, மேற்கத்திய மொழிகளுக்கான விண்டோஸின் பழைய 1252 குறிமுறையில் திறந்தது. அப்படித் திறந்தால் தமிழ் மெய்கள் ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் வணிகச் சின்னப் பதிவைக் குறிக்கும் ® வெளிப்படும். 'காஞ்சிபுரம்' என்ற பெயர் 11 குறிகளால் ஆனது. அவற்றுள் 8 குறிகள் ® தருகின்றன; 'ம' மட்டும் இரண்டு தருகிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைக்க 1999-இல் சட்டம் வந்து, 2005-06 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் ஒன்பது முறை இலவசமாகப் பதிவு செய்து கொடுத்தது. எந்தக் கணினியிலும் கோப்பை யூ.டி.எஃப்-8 என்றே கொள்வது என்று பைத்தான்காரர்கள் 3.15 பதிப்புக்கு முடிவெடுத்திருக்கிறார்கள். அதன்பின் இந்தச் சலுகை குறையும்.

தமிழ்ப் பெயரே வேண்டாம், ரோமனில் எழுதுவோம் என்பார் உளர். எழுதிப் பார்த்தார்கள். ரோமனில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் உண்டு. பெரிய ஜி-யில் தொடங்கும் கோபுரமும் சிறிய ஜி-யில் தொடங்கும் கோபுரமும் லினக்ஸில் இரண்டு. விண்டோஸிலும் மாக்கிலும் வழக்கமான அமைப்பில் ஒன்று. தமிழுக்கு இல்லாத வியாதியை விலை கொடுத்து வாங்கியதுதான் மிச்சம். அதோடு போகவில்லை. நூல் நிறங்களின் கணக்கை நிரல் எழுதிவைக்கும் கோப்புக்கு மகள் என், யூ, எல் என்று மூன்றெழுத்தில் பெயர் வைத்தாள். விண்டோஸுக்கு அது டாஸ் காலத்திலிருந்தே ஒதுக்கப்பட்ட பெயர். அதில் எழுதுவதெல்லாம் அப்படியே மறைந்துபோகும், பிழைச்செய்தியும் வராது. கடையில் நிரல் நன்றாக ஓடியது. கணக்கு எழுதப்பட்டது. கோப்பு என்று ஒன்று எங்கும் இல்லை.

முடிவில் பெயர்களையே ஒழித்து எண்ணுக்குப் போனார்கள். மூன்றாம் கரை, எட்டாம் புட்டா என்றால் 3-8. எண்ணுக்குக் கொம்பு இல்லை, பெரிய எழுத்து இல்லை, எந்தக் கலையும் இல்லை. பட்டியலை மூவரும் விரிதாளில் திறந்தார்கள். விரிதாள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. அமெரிக்க முறையில் அமைந்திருந்த மாக்கில் அது மார்ச் 8: மாசி மாதம், கல்யாணப் பட்டுக்கு ஏற்றது. இந்திய முறையில் இருந்த கடையில் ஆகஸ்ட் 3, நடு ஆடி. கடைக்காரர் அந்தச் சேலையைத் தள்ளுபடிக் கணக்கில் சேர்த்துவிட்டார்.