இரு டிரம்மும் ஓர் இடமும்: அந்தமான் அடுக்களை குறித்த ஓர் ஆராய்ச்சி

சலவை இயந்திரம் அடுக்களைக்குள் புகுவதைத் திணைமயக்கம், அதாவது ஓரிடத்துக்கு உரியது வேறோரிடத்தில் வந்து கலத்தல், என்று ஒதுக்குவாரும், குழாயும் வடிகாலும் 16 ஆம்பியர் பிளக்கும் ஒருங்கே வாய்த்த அறை வீட்டில் அது ஒன்றே ஆதலால் இயல்பே என்று கொள்வாரும் என இல்லறவியலார் இரு திறத்தினர். அந்தமானில் இவ்வழக்கை மழையே தீர்த்துவைக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் இத்தீவுகளில், தகரக் கூரையின் கீழ்ப் பின்வராந்தாவில் நிறுத்தப்படும் தகட்டுப் பெட்டி எதுவாயினும், சாரலும் உப்புக்காற்றும் மாறிமாறித் தின்ன, வாரண்டி முடியுமுன் செங்கல் நிறம் பெற்றுவிடும் என்பதால் முதல் திறத்தாரும் தோற்ற முகத்தோடு அடுக்களைக்கே வந்து சேர்கின்றனர்.

இருத்தல் முல்லைக்கும் இரங்கல் நெய்தலுக்கும் உரிப்பொருள் எனத் தமிழிலக்கணம் வகுத்திருக்க, சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் கடந்து மூன்று நாளில் வரவேண்டிய கப்பலுக்காக, ‘இயந்திரம் அடுத்த கப்பலில் வந்துவிடும்’ என்ற கடைக்காரரின் சொல்லை நம்பிக் காத்திருக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக் குடும்பம் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர், ஊரார் வாயில் இன்றும் அதுவே) இவ்விரு ஒழுக்கங்களையும் ஒரே வாரத்தில் நிகழ்த்திக் காட்டுவது உரையாசிரியர்கள் கருதிப்பாராதது.

இனி அளவை. முன்வாயில் இயந்திரம், அதாவது துணியை மேலிருந்து போடாமல் முன்புறக் கண்ணாடிக் கதவு வழியே ஊட்டப்பெறும் வகை, பொதுவாக 60 சென்டிமீட்டர் அகலமும் 85 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அடுப்பு வைக்கும் மேடையோ 33 அங்குலம், அதாவது 84 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டப்படுவது வழக்கமாதலாலும், அதிலும் மேற்கல்லின் கனத்தைக் கழிக்கவேண்டியிருப்பதாலும், இரண்டு விரற்கடைக் குறைவால் இயந்திரம் உள்ளே போக மறுக்கிறது. கல்லை அறுத்துவிடலாம் என்பது மேடையறுப்போர் கொள்கை. அரசுக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு இது பொருந்தாது. மேடை அரசின் உடைமை ஆதலின், அறுத்தவர் வீட்டைக் காலி செய்யும் நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டியிருக்கும்.

எஞ்சுவது மேடையை அடுத்த மூலை. அங்கேதான் இவ்வாராய்ச்சியின் முடிச்சு கிடக்கிறது. ஏனெனில் அம்மூலையில் ஏற்கெனவே ஒரு டிரம் நிற்கிறது. டிரம் என்னும் சொல் இவ்விடத்து இருபொருள் படும். இயந்திரத்தின் வயிற்றில் சுழலும் உருளை ஒன்று. குழாய்நீரைப் பிடித்துவைக்கும் 200 லிட்டர் நீலப் பீப்பாய் மற்றொன்று. நகருக்கு நீர் தரும் தனிக்காரி அணையின் நீர்மட்டம் வறண்ட மாதங்களில் இறங்கிவிட, குழாயில் நீர் நாள் விட்டு நாள், சில வேளை அதனினும் இடைவெளி விட்டே வரும் ஊரில் இரண்டாம் டிரம் விருந்தாளியன்று, குடும்ப உறுப்பினர். அதன் விட்டமும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டரே என்பதை நாடாவைக் கையில் எடுத்த பிறகே பலரும் அறிகின்றனர். டிரம்மை அகற்றினால் இயந்திரத்துக்கு இடமுண்டு, நீரில்லை. வைத்திருந்தால் நீருண்டு, இடமில்லை. இரண்டையும் எவ்வாறோ நெருக்கிவைத்தாலும் பயனில்லை. பல முன்வாயில் இயந்திரங்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன, அதற்குத் தொட்டி குழாய்வாய்க்கு 3 மீட்டராவது மேலே இருத்தல் வேண்டும், தரையில் நிற்கும் பீப்பாயோ அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே வல்லது.

இதற்கிடையே, மரத்தளம் இட்ட பழைய வீடுகளில் பிழியும் சுற்று தொடங்கியதும் ஸ்டாண்டிலுள்ள எவர்சில்வர் தட்டுகள் கலகலக்க, நிலநடுக்க வரைபடத்தில் மிகக் கடும் மண்டலங்களுள் வைக்கப்பெற்ற தீவு இது என்பதை மறவாத முதியோர் வாசலுக்கு விரைவதும் உண்டு. அதை இயந்திரத்தின் குற்றமாகக் கொள்ளலாகாது.

ஆகவே, இக்கட்டுரை செமி ஆட்டோமேட்டிக்கின் பக்கமே நிற்கிறது. துவைக்க ஒன்றும் பிழிய ஒன்றுமாக இரு தொட்டிகள் உடைய இவ்வகை, எடை குறைந்தது ஆதலால் துவைக்கும் நாளில் மட்டும் இழுத்துவந்து நிறுத்தப்படும், அழுத்தம் கேளாது, நீல டிரம்மிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றினால் ஏற்றுக்கொள்ளும். செமி என்பது பாதி எனப் பொருள்படும். மறுபாதி, வாளி தூக்குபவர்.

இதனை ஏலாது முன்வாயில் வகையே வாங்கியோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கப்பல் ஆட்டத்தில் உருளை மோதாதபடி இயந்திரத்தின் முதுகில் முடுக்கி அனுப்பப்பெறும் நீண்ட போல்ட்டுகளை, ஓட்டத் தொடங்குமுன் தவறாமல் கழற்றுக; கழற்றியவற்றை எறியாமல் ஒரு டப்பாவில் இட்டுவைக்க. மெயின்லேண்டுக்கு மாற்றல் ஆணை வந்தால் அதே இயந்திரம் அதே கடலைத் திரும்பவும் கடக்கவேண்டியிருக்கும்.